ஸ்னோவில் பின்சக்கர கார் ஓடுமா?

டொராண்டோவில் நவம்பர் பிறந்தால் நம் ஆட்கள் நடுவே ஒரு கேள்வி தவறாமல் கிளம்பும். யாராவது ஒருவர் பழைய பிஎம்டபிள்யூவோ டாட்ஜ் சார்ஜரோ நல்ல விலைக்குப் பார்த்து வைத்திருப்பார். "ரியர் வீல் டிரைவ் ஆச்சே அண்ணா, ஸ்னோல ஓடுமா?" என்று கேட்பார். கூடியிருப்பவர்களில் பாதிப் பேர் "தொடவே தொடாதே" என்பார்கள். யாரோ ஒருவர் மட்டும் "பத்து வருஷமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலையே" என்பார். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. அவரவர் ஓட்டிய கார் வேறு, போட்டிருந்த டயர் வேறு.

ரியர் வீல் டிரைவ் என்றால் இன்ஜின் பின்சக்கரங்களை மட்டும் ஓட்டும் கார். அப்படிப்பட்ட பின்சக்கர கார் பனிக்கு ஆகாது என்று அடித்துச் சொல்பவர்களைக் கொஞ்சம் சுற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். வட அமெரிக்கா முழுக்கப் போலீஸ் காராகவும் டாக்சியாகவும் ஓடிய ஃபோர்ட் கிரவுன் விக்டோரியா 2011 வரை இதே ஒன்டாரியோவில், செயின்ட் தாமஸ் ஊரில் தயாரானது. செவ்ரோலே கமேரோ 2015 வரை ஓஷாவாவில் தயாரானது. சார்ஜரும் கிரைஸ்லர் 300-ம் 2023 கடைசி வரை பிராம்ப்டனில். வருஷத்தில் நாலைந்து மாதம் பனி கிடக்கும் ஊரில், பின்சக்கர கார் செய்தே பல குடும்பங்கள் சாப்பிட்டிருக்கின்றன. அதை விடுங்கள், ஜனவரி காலையில் நம்மை வேலைக்கு ஏற்றிப்போகும் டொராண்டோவின் டிடிசி பஸ்ஸும், 401 நெடுஞ்சாலையில் நம்மைத் தாண்டிப்போகும் கனரக லாரியும் பின்சக்கரத்தில் ஓடுபவைதான். ஓடுமா என்ற கேள்விக்கு பதில் தெருவிலேயே இருக்கிறது. எப்படி ஓடும், எங்கே காலை வாரும் என்பதில்தான் விஷயம்.

டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானத்திலிருந்து ஆரம்பிப்போம். காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் கெழு சுமார் 0.8. அதாவது ஒரு டயர்மேல் 400 கிலோ எடை இருந்தால், 320 கிலோ எடைக்குச் சமமான விசையை அது தரையில் செலுத்தலாம். அமுங்கிக் கெட்டியான பனியில் அது 0.2, நல்ல டயராக இருந்தால் 0.3. ஐஸில் 0.1, சில நேரம் அதற்கும் கீழே. இன்னொன்று: இந்தப் பிடிமானம் கைச்செலவுக் காசு மாதிரி. முன்னே போக, திரும்ப, நிற்க மூன்றுக்கும் ஒரே பையிலிருந்துதான் எடுக்க வேண்டும். வளைவில் திரும்பிக்கொண்டே ஆக்சிலரேட்டரையும் அழுத்தினால் இரண்டு செலவு ஒன்றாக வருகிறது. காய்ந்த ரோட்டில் பை நிறைய காசு இருப்பதால் இது நமக்குத் தெரிவதே இல்லை.

முன்சக்கர காரில் இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் ஓட்டும் சக்கரங்களின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். மொத்த எடையில் 60 முதல் 65 சதவீதம் முன்னால். அந்த எடைதான் சக்கரத்தைப் பனியில் அழுத்திப் பிடிக்கிறது. பின்சக்கர காரில் இன்ஜின் முன்னால், ஓட்டும் சக்கரம் பின்னால். நன்றாக வடிவமைத்த கார் என்றால் எடை சரிபாதி. காலியான பிக்கப் டிரக் என்றால் பின்னால் 40 சதவீதம்தான் இருக்கும். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இதற்கு நேர் எதிர். இன்ஜினே பின்னால் இருந்ததால் சுமார் 60 சதவீத எடை ஓட்டும் சக்கரத்தின்மேல். ஹீட்டர் சரியில்லை என்று எல்லோரும் திட்டினாலும் பனியில் அது நன்றாகவே ஏறியது. ஆக, பின்சக்கரம் என்பதே குற்றம் இல்லை. பின்சக்கரத்தின்மேல் எடை இல்லாததுதான் சிக்கல்.

மேட்டில் ஏறும்போது கணக்கு கொஞ்சம் மாறுகிறது. கார் அண்ணாந்தால் எடை பின்னால் சாயும். அது பின்சக்கரத்துக்கு லாபம், முன்சக்கரத்துக்கு நஷ்டம். பிடிமானம் 0.2 என்று வைத்து நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எடை சரிபாதியாகப் பிரிந்த பின்சக்கர கார் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 10 மீட்டர் உயரும் மேட்டை ஏறும். முன்னால் 62 சதவீத எடை உள்ள முன்சக்கர கார் சுமார் 12 மீட்டர். வித்தியாசம் இரண்டே மீட்டர். ஊரெல்லாம் பேசும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. இன்ஜின் நாலு சக்கரத்தையும் ஓட்டும் ஆல் வீல் டிரைவ் கார் 20 மீட்டர் ஏறும், அது நிஜமாகவே பெரிய வித்தியாசம். இப்போது அதே பின்சக்கர காருக்கு டயரை மட்டும் மாற்றி, பிடிமானத்தை 0.3 ஆக்கிப் பாருங்கள். 16 மீட்டர் மேடு ஏறுகிறது. சுமாரான டயர் போட்ட முன்சக்கர காரைத் தாண்டிப் போய்விடுகிறது.

அப்படியானால் இந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் 1970, 80-களின் அமெரிக்கக் கார்களிலிருந்து. நீளமான முன்பக்கம், அதற்குள் பெரிய வி8 இன்ஜின், ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே பாயும் முறுக்கு விசை, வெறுமையான பின்பக்கம். இதோடு டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியும் சேர்ந்துகொண்டது. வளைவில் இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல வேண்டும், அதற்காக வைத்தது. ஆனால் சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் ஐஸில் நின்று சும்மா சுழன்றால், நல்ல தரையில் நிற்கும் மற்றதற்கும் அதே சொற்ப விசைதான். ஒரு சக்கரம் பனியை வாரி இறைக்க, இன்னொன்று அசையாமல் வேடிக்கை பார்க்கும். நம் ஊரில் அம்பாசடர் சேற்றில் மாட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. அதுவும் பின்சக்கர வண்டிதான். "ரெண்டு பேர் பின்னாடி ஏறி உட்காருங்கப்பா" என்று யாராவது கத்துவார்களே, அதில் இருந்த இயற்பியல் முழுக்கச் சரி.

எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோலை மிச்சப்படுத்தவும், சின்னக் காரில் உள்ளே இடம் கூட்டவும் அமெரிக்க நிறுவனங்கள் முன்சக்கரத்துக்கு மாறின. 1980 மாடலாக வந்த செவ்ரோலே சைட்டேஷன் அந்த மாற்றத்தின் ஆரம்பங்களில் ஒன்று. பனியில் நன்றாகப் போகும் என்பது விற்பனைக்கு உதவிய கூடுதல் காரணம்தான். ஆனால் வாங்கியவர்கள் மனதில் அதுவே முதல் காரணமாகப் பதிந்துவிட்டது. அப்பா ஓட்டிய பழைய காருக்கும் தான் வாங்கிய புதிய காருக்கும் இருந்த வித்தியாசம் எல்லாவற்றையும், டயர் முன்னேறியது உட்பட, மகன் முன்சக்கரத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

டிக்கியில் மணல் மூட்டை வைக்கும் பழக்கமும் அந்தக் காலத்து மிச்சம். இன்றும் இங்கே ஹார்டுவேர் கடை வாசலில் அக்டோபரிலேயே நீள நீளமான மணல் மூட்டைகள் அடுக்கிவிடுவார்கள். காலி பிக்கப் ஓட்டுபவருக்கு அது உபயோகம்தான். ஆனால் 1,500 கிலோ எடையுள்ள, எடை சரிபாதியாகப் பிரிந்த காரில் 60 கிலோ மூட்டையை வைத்தால், பின்சக்கரத்தின் பங்கு 50-லிருந்து 52 சதவீதம் ஆகும். அவ்வளவுதான். மேடு ஏறும் கணக்கில் அரை மீட்டர்கூடத் தேறாது. மூட்டையைப் பின்சக்கர அச்சான ஆக்சிலுக்கு நேர் மேலே வைக்காமல் டிக்கியின் கோடியில் வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடிக்காது. கட்டாமல் வைத்தால் மோதும்போது அது பறந்து வரும். நானாக இருந்தால் ஒரே ஒரு மூட்டை வைப்பேன். எடைக்காக இல்லை, மாட்டிக்கொண்டால் சக்கரத்தடியில் தூவுவதற்கு.

இதுவரை சொன்னது கார் நகருமா என்பதைப் பற்றி. முன்சக்கரமும் பின்சக்கரமும் நிஜமாகப் பிரிவது, பிடிமானம் போகும்போது கார் என்ன செய்கிறது என்பதில். மாட்டு வண்டியையும் தள்ளுவண்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாடு எந்தப் பக்கம் போகிறதோ வண்டி அந்தப் பக்கம் பின்னாலேயே வரும். தள்ளுவண்டியைப் பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால், முன்னால் சின்ன தடங்கல் வந்தாலும் பின்பக்கம் பக்கவாட்டில் சுழன்று வரப் பார்க்கும். முன்சக்கர கார் பனி வளைவில் பிடி விட்டால் பெரும்பாலும் ஸ்டீயரிங்கை மதிக்காமல் நேராகப் போகும். பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பீர்கள், வேகம் குறைந்ததும் பிடி திரும்ப வரும். பயத்தில் செய்வதே அங்கே பாதி மருந்து.

பின்சக்கர காரில் கால் கொஞ்சம் அதிகமாக அழுந்தினால் பின்பக்கம் வெளியே நழுவும். அப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலைப் படக்கென்று எடுத்தால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கிறது. எடை முன்னால் ஓடிப் பின்சக்கரம் இன்னும் லேசாகிறது. இன்ஜின் பின்சக்கரத்தை மட்டும் பிடித்து இழுக்கிறது, யாரோ ஹேண்ட்பிரேக் போட்ட மாதிரி. நழுவ ஆரம்பித்த பின்பக்கம் முழுக்கச் சுழன்றுவிடும். காலை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் மெதுவாக. கண் போக வேண்டிய பாதையில் இருக்க வேண்டும். பின்பக்கம் வலது பக்கம் நழுவினால் ஸ்டீயரிங்கையும் வலது பக்கம் திருப்ப வேண்டும். இவ்வளவும் ஓட்டுநர் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கும். அதற்கு அடுத்த நொடியை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. பின்சக்கரம் மறுபடி பிடித்த கணத்திலேயே ஸ்டீயரிங்கை நேராக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கார் எதிர்ப்பக்கம் வீசும், அந்த வீச்சு முதலாவதைவிடக் கடுமையாக இருக்கும். முதல் நழுவலைச் சமாளித்துவிட்டோம் என்று மூச்சு விடும்போதுதான் பலர் மாட்டுகிறார்கள்.

இறக்கத்திலும் இதே தொல்லை. மலைப்பாதையில் சின்ன கியரில் இறங்கு என்பது நாம் ஊட்டி, கொடைக்கானலில் கற்ற நல்ல பாடம். ஐஸ் மூடிய இறக்கத்தில் பின்சக்கர காரை அப்படிச் சடாரென்று சின்ன கியருக்கு இறக்கினால் பின்சக்கரம் மட்டும் வேகம் குறைந்து வழுக்கும். ஏற்கெனவே சின்ன கியரில் மெதுவாக இறங்குவது வேறு, பாதியில் கியரை இறக்குவது வேறு.

சரி, டயருக்கு வருவோம். கார் வாங்கும்போதே வரும் சாதாரண டயருக்கு ஆல் சீசன், அதாவது எல்லாப் பருவத்துக்கும் ஆகும் டயர், என்று பெயர் வைத்ததே இந்த நாட்டில் நடந்த பெரிய குழப்பங்களில் ஒன்று. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போகப் போக அந்த ரப்பர் இறுகத் தொடங்குகிறது. வின்டர் டயரின் ரப்பர் கடுங்குளிரிலும் மெத்தென்று இருக்கும். தரையைத் தொடும் அதன் மேல்பரப்பில் பிளேடால் கீறிய மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவை பனியைக் கவ்வி உள்ளே வைத்துக்கொள்ளும். பனி ரப்பரோடு ஒட்டுவதைவிடப் பனியோடு நன்றாக ஒட்டும். குழந்தைகள் பனி உருண்டை பிடிப்பதில் இருக்கும் அதே சங்கதி. பின்லாந்தில் இன்று நோக்கியன் என்று அறியப்படும் நிறுவனம் 1934-ல் லாரிகளுக்கும் 1936-ல் கார்களுக்கும் இத்தகைய டயரைக் கொண்டுவந்தது. அப்போது பின்லாந்து ரோடுகளில் ஓடியவை அநேகமாக எல்லாமே பின்சக்கர வண்டிகள்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் நடுவே பனிப்பூவும் உள்ள முத்திரையைத் தேடுங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்கு மட்டும் அது கிடைக்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல், வின்டர் டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்காமல் விட்டவர்கள் நம்மில் நிறையப் பேர்.

பின்சக்கர காருக்குப் பின்னால் மட்டும் இரண்டு வின்டர் டயர் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். காசு மிச்சம்தான். கார் கிளம்பும், மேடு ஏறும், வளைவு வந்ததும் முன்சக்கரம் நேராகப் போகும். பிரேக் போட்டாலும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். அதனால் நாலும் போட வேண்டும். பிரேக்கைப் பொறுத்தவரை எது ஓட்டும் சக்கரம் என்ற பேச்சுக்கே இடமில்லை, எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக். 50 கி.மீ. வேகத்தில் பிரேக் அழுத்திய பிறகு, காய்ந்த ரோட்டில் நிற்க 12 மீட்டர் போதும். பிடிமானம் 0.3 உள்ள பனியில் 33 மீட்டர், 0.2 என்றால் 49, ஐஸில் 98 மீட்டர். ஆல் வீல் டிரைவ் எஸ்யூவிக்கும் இதே எண்கள்தான். பனிப்புயலுக்கு மறுநாள் 400 நெடுஞ்சாலையில் பள்ளத்தில் கிடக்கும் வண்டிகளை எண்ணிக்கொண்டே போவது என் வழக்கம். அதில் எஸ்யூவிக்குக் குறைவே இருக்காது. கிளம்பும்போது கிடைத்த தைரியத்தை நிற்கும்போதும் கிடைக்கும் என்று நம்பியவர்கள்.

அப்புறம், கணினியின் பங்கு. 1995-ல் போஷ் நிறுவனத்தோடு சேர்ந்து மெர்சிடிஸ் தன் எஸ் கிளாஸ் காரில் கொண்டுவந்த நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, பின்சக்கர காரின் தலையெழுத்தையே மாற்றியது என்பேன். ஸ்டீயரிங் காட்டும் திசையையும் கார் உண்மையில் சுழலும் அளவையும் அது ஓயாமல் ஒப்பிடும். பின்பக்கம் நழுவுகிறது என்று தெரிந்தால், வளைவின் வெளிப்பக்க முன்சக்கரத்தில் மட்டும் பிரேக் போட்டு காரை நேராக்கும். நம் காலில் இருப்பது ஒரே பிரேக் மிதி. தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் போட எந்த ஓட்டுநராலும் முடியாது. கனடாவில் 2011 செப்டம்பரிலிருந்து தயாரான புதிய கார்கள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். ஆகவே 2012-க்குப் பிந்தைய பின்சக்கர காரையும் 1985-ஐச் சேர்ந்ததையும் ஒரே பெயரில் கூப்பிடுவது நியாயமில்லை. ஆனால் இல்லாத பிடிமானத்தை இந்தக் கணினி உண்டாக்காது. இருக்கிற காசைச் சரியாகச் செலவு செய்யும், அவ்வளவுதான். மொட்டை டயரோடு வந்தவருக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆழமான பனியில் மாட்டி முன்னும் பின்னும் ஆட்டி வெளியே வரும்போது மட்டும், சக்கரம் சுழலவிடாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலைப் பொத்தானை அழுத்தி அணைக்கலாம். ரோடு ஏறியதும் மறக்காமல் போட்டுவிட வேண்டும்.

இந்தப் பேச்சு இப்போது மறுபடி எழக் காரணம் மின்சாரக் கார்கள். ஸ்வீடனின் வோல்வோ தன் கடைசிப் பின்சக்கர காரை 1998-ல் நிறுத்தியது. பனிநாட்டுக்காரர்களே கைவிட்டார்கள் பாருங்கள் என்று பலரும் அதைச் சாட்சியாகக் காட்டினார்கள். அதே வோல்வோ 25 வருஷம் கழித்து, 2023-ல், தன் ஒற்றை மோட்டார் மின்சாரக் கார்களை முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு மாற்றியது. டெஸ்லாவின் அடிப்படை மாடல்களும் ஃபோக்ஸ்வேகனின் ஐடி 3, ஐடி 4 வகைகளும் பின்சக்கரம்தான். முன்னால் கனமான இன்ஜின் கிடையாது. பேட்டரி தரை முழுக்கப் பரவியிருக்கிறது. மோட்டார் பின் ஆக்சிலிலேயே உட்கார்ந்திருக்கிறது. பீட்டிலுக்கு இருந்த லாபத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்துவிட்டது. கூடவே, பெட்ரோல் இன்ஜின் விசையைக் குறைக்க எடுக்கும் நேரத்தைவிட மின்மோட்டார் பல மடங்கு வேகமாகக் குறைக்கும். சக்கரம் வழுக்கத் தொடங்கியது நமக்குத் தெரியும் முன்பே அது அடங்கியிருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பழைய பூதம் வேறு உருவத்தில் வருகிறது. மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே பிரேக் மாதிரி இழுத்து பேட்டரியை நிரப்பும். பின்சக்கர காரில் அந்த இழுப்பு பின்னால் மட்டும். ஐஸில் இது சின்ன கியருக்கு இறக்கியதற்குச் சமம். கணினி பெரும்பாலும் உணர்ந்து இழுப்பைக் குறைக்கும். என்றாலும், அதைக் குறைத்து வைக்கும் வசதி காரில் இருந்தால், ரோடு மோசமாக இருக்கும் நாளில் குறைத்து வைப்பது நல்லது.

என் முதல் குளிர்காலத்தில் என்னிடம் இருந்தது ஒரு பழைய பின்சக்கர செடான், தேய்ந்த ஆல் சீசன் டயர். தெருக்கோடி ஸ்டாப் சைனில் லேசான ஏற்றம், ஓர் ஆள் உயரம்கூட இருக்காது. நின்றேன், அதோடு சரி. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சக்கரத்தடியில் பனி உருகிக் கண்ணாடி மாதிரி ஆனது. நாய் நடத்திக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் கண்ணாடியைத் தட்டி, "காலை எடு, பின்னால் கொஞ்சம் உருண்டு போய்ப் புதுப்பனியில் ஏறு, இரண்டாவது கியரில் கிளம்பு" என்றார். மூன்றும் பலித்தன. இரண்டாவது கியரில் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை குறைவு, அதனால் சுழலாது. பழைய மெர்சிடிஸ் ஆட்டோமேட்டிக்குகள் சிலவற்றில் இதற்கென்றே குளிர்காலப் பொத்தான் ஒன்று இருந்தது. இப்போதைய கார்களில் ஸ்னோ மோட் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

யாருக்குப் பின்சக்கர கார் வேண்டாம் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: செங்குத்தான டிரைவ்வே உள்ள வீட்டுக்காரர், பனிவண்டி வழிக்கும் முன்பே விடியற்காலையில் கிளம்ப வேண்டிய நர்ஸ், டயருக்குத் தனியாகக் காசு ஒதுக்க மனம் வராதவர். நகரத்துக்குள் உப்புத் தூவிய ரோட்டில் ஓட்டுபவருக்கு, நாலு வின்டர் டயரோடு, பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் உப்பை ரொம்பவும் நம்ப வேண்டாம். மைனஸ் பத்துக்குக் கீழே அதன் வீரியம் வெகுவாகக் குறையும். பாலங்களுக்கு அடியிலும் குளிர்காற்று ஓடுவதால் ரோட்டைவிட முதலில் பாலம்தான் உறையும். ஐஸ் மிக அதிகமாக வழுக்குவதும் கடுங்குளிரில் இல்லை, பூஜ்ஜியத்தை ஒட்டி மேலே ஈரம் படிந்திருக்கும்போது.

வாங்கியாகிவிட்டது என்றால், முதல் பனி விழுந்த ஞாயிறு காலை, அனுமதி வாங்கி, விளக்குக் கம்பமும் ஓரக்கல்லும் இல்லாத ஒரு காலி பார்க்கிங் மைதானத்துக்குப் போங்கள். 20 கி.மீ. வேகத்தில் வட்டமடித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டுங்கள். பின்பக்கம் நழுவுவது முதலில் இடுப்பில்தான் தெரியும், கண்ணுக்கு அப்புறம்தான். முதல் நாலைந்து தடவை கார் முழுக்கச் சுற்றி நிற்கும். பத்தாவது தடவைக்குள் கை தானாகத் திரும்பத் தொடங்கும்.